ஊதாமல் காயம் கழுவுவது எப்படி

காட்டில் அடிபட்டவருக்குக் காயம் கழுவுவது எப்படி என்று சொல்லிக் கொடுக்கச் சென்னைக்குப் போகிறேன் என்றதும், என் அண்ணன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "சென்னையில ஏது காடு?" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் அண்ணனிடம் அதை ஒப்புக்கொண்டால் ஆயுசுக்கும் கிண்டல் செய்வார். "அதெல்லாம் அவங்க ஏற்பாடு பண்ணுவாங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினேன்.

நான் மலேசியாவில் ஈப்போக்காரி. ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள், அவற்றைத் தாண்டினால் அடர்ந்த காடு. மலையேற வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது என் பிழைப்பு. உண்மையைச் சொன்னால், வழிகாட்டுகிற நேரத்தைவிட வழுக்கி விழுந்தவர்களின் முட்டியைக் கழுவுகிற நேரம்தான் அதிகம். அதையே பாடமாகச் சொல்லித் தரவும் ஆரம்பித்தேன். மயிலாப்பூரில் ஒரு மலையேற்றக் குழுவை நடத்தும் பிரசன்னா எங்கள் பக்கம் வந்தபோது நான் ஒரு வகுப்பில் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். "எங்க ஊருக்கும் வந்து இதே மாதிரி திட்டுங்க மேடம்" என்று அழைத்தார். இப்படியொரு அழைப்பு எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

விமான நிலையத்துக்குப் பிரசன்னா அனுப்பியிருந்த ஆட்டோக்காரரின் பெயர் குமார். நான் இருக்கும்வரை எங்கே போனாலும் அவர்தான் என்று ஏற்பாடு. ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நல்லாத் தமிழ் பேசுறீங்கோ மேடம். ஆனா வேற மாரி கீது. எந்த ஊரு?"

"ஈப்போ."

"அது எங்க கீது?"

சொன்னேன். என்ன வேலையாக வந்தேன் என்று கேட்டார். அதையும் சொன்னேன். சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு பேருந்துக்கும் ஒரு தண்ணீர் லாரிக்கும் நடுவே, எங்கள் ஊரில் சைக்கிள்கூட நுழையாத இடைவெளியில் வண்டியைச் செருகியபடி அவர் தீர்ப்புச் சொன்னார்: "அடிபடுறதுக்கு இன்னாத்துக்கு மேடம் காட்டுக்குப் போவணும்? இங்க ப்ளாட்பாரத்துல நடந்தாலே போதுமே."

நான் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

தங்கியது பிரசன்னாவின் வீட்டு மாடியில். அவருடைய அம்மா வாசலிலேயே, "வாங்கோ வாங்கோ, நம்மாத்துல காரம் கொஞ்சம் கம்மியா இருக்கும், பரவாயில்லையா?" என்றார். "பரவால்ல லா" என்று எங்கள் ஊர் வழக்கில் சொன்னேன். இரண்டு தமிழும் ஒன்றையொன்று புரிந்துகொண்டு புன்னகைத்தன. அன்று ராத்திரி அடையும் வெல்லமும். அடைக்கு வெல்லம் தொட்டுக்கொள்வார்கள் என்று எனக்கு ஐம்பது வயதுவரை யாரும் சொல்லவில்லை. இந்த அநியாயத்துக்கு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலை எங்களுக்கான காட்டுக்குப் போனோம். அது கோட்டூர்புரத்தில் ஒரு மொட்டைமாடி. பூந்தொட்டிகளை நெருக்கி வைத்திருந்தார்கள். ஓரத்தில் எட்டிப் பார்க்கும் ஒரு முருங்கைக் கிளை. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அடையாறு, தன் வாசனையோடு. "இதுதான் மேடம் அடர்ந்த பகுதி" என்று பிரசன்னா குரோட்டன்ஸ் தொட்டிகளைக் காட்டினார். அண்ணனுக்குப் புகைப்படம் அனுப்பக் கூடாது என்று முடிவு செய்தேன்.

பயிற்சிக்கு நான் பொய்க்காயங்கள் செய்வது வழக்கம். கோதுமை மாவைப் பிசைந்து, பீட்ரூட் சாறு ஊற்றி, நடுவில் மண்ணும் பொடிக்கல்லும் வைத்துக் காலில் ஒட்டிவிட்டால் பார்க்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பிரசன்னாவின் அம்மா மாவு பிசைந்து கொடுத்திருந்தார். சப்பாத்திக்குப் பிசைவதுபோல நெய்யும் உப்பும் சேர்த்துப் பிசைந்துவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. சென்னைக் காக்கைகளுக்குத் தெரிந்தது. முதல் நோயாளியாகப் படுத்திருந்தவர் வலியில் முனகுவதாக நடித்துக்கொண்டிருக்க, ஒரு காக்கை வந்து அவர் முழங்காலிலிருந்த காயத்தைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. அடுத்த முனகல் நடிப்பில்லை. ஈப்போவில் குரங்குகள் என் மூட்டையைப் பிரித்திருக்கின்றன, காயத்தைத் திருடியதில்லை.

பாடம் எளிதுதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி உறை மாட்டு. குடிக்கத் தகுந்த தண்ணீரை எடு. பாட்டில் மூடியிலோ கெட்டியான பிளாஸ்டிக் பையின் மூலையிலோ ஊசியால் துளையிட்டு, அழுத்திப் பீய்ச்சு. மண் போகும்வரை பீய்ச்சு. சுற்றியுள்ள தோலைச் சோப்பால் துடை, காயத்துக்குள் எதையும் போடாதே. மிச்சமிருக்கும் கல்லை இடுக்கியால் எடுத்து, மறுபடி பீய்ச்சி, சுத்தமான துணியால் மூடு. அவ்வளவுதான்.

முதல் தடங்கல் தண்ணீரில் வந்தது. கேன் தண்ணீரை எடுத்து ஊற்றச் சொன்னால், எல்லோரும் தீர்த்தம் கொடுப்பதுபோலச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். "ஊத்துங்க!" என்று கத்தினேன். "கேன் தண்ணியா மேடம்? இவ்ளோவா?" என்று உண்மையாகவே கலங்கினார்கள். எங்கள் ஊரில் சாயங்காலமானால் மழை வந்து கதவைத் தட்டும். தண்ணீர் லாரியின் பின்னால் குடத்தோடு நின்று வளர்ந்தவர்களிடம் ஒரு முழங்காலுக்கு ஒரு லிட்டர் என்று சொல்வது அத்தனை சுலபமில்லை என்று அன்றுதான் புரிந்தது. கொஞ்சம் குரலைக் குறைத்துக்கொண்டு, "ஊத்துங்கப்பா" என்றேன்.

அடுத்த தடங்கலை நான் எதிர்பார்க்கவே இல்லை. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்வார்கள். கழுவி முடித்ததும், கட்டுப் போடுவதற்கு முன்னால், குனிந்து உதட்டைக் குவித்து, ஃபூ என்று ஊதுவார்கள். ஒருவர் இருவர் இல்லை, அத்தனை பேரும் ஊதினார்கள். மீசை வைத்த வங்கி அதிகாரியும் ஊதினார், கல்லூரிப் பெண்ணும் ஊதினாள், பிரசன்னாவும் ஊதினார்.

"ஏன் ஊதுறீங்க?"

"எரியுமே மேடம்" என்றது ஒரு குரல்.

"அது மாவு!"

"ஆமால்ல" என்று சொல்லிவிட்டு, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி மாவின்மேல் இன்னொரு தடவை ஊதினார். அவர்தான் ஸ்டெல்லா.

சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. என்னைவிடப் பத்து வயது குறைவு. கழுத்தில் சிலுவைச் சங்கிலி, அதோடு ஒரு விசில். கையில் வளையலோடு சேர்த்து மாட்டிய ஊக்குகள். வகுப்பிலேயே கெட்டிக்காரி அவர்தான். தண்ணீரைப் பீய்ச்சும் கோணம், இடுக்கி பிடிக்கும் விதம், எல்லாம் நான் சொல்வதற்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. ஆனால் ஊதாமல் மட்டும் அவரால் இருக்க முடியவில்லை. "ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்ல, போயிடுச்சு" என்று கோதுமை மாவைச் சமாதானம் வேறு செய்தார். வருஷக்கணக்காக விழுந்து எழும் பிள்ளைகளின் முட்டியை ஊதிய வாய். அதை ஒரே நாளில் மூடச் சொன்னால் எப்படி?

ஆனால் நான் இந்த விஷயத்தில் கறார். மனித வாயில் குடியிருக்கும் கிருமிகள் கொஞ்சநஞ்சமல்ல. கழுவிக் கழுவிச் சுத்தம் செய்த இடத்தில் வாயால் ஊதுவது, வீட்டைப் பெருக்கிவிட்டுக் குப்பைக் கூடையைக் கவிழ்ப்பது போல. ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லாத மலையில் அது விளையாட்டில்லை. "நாளைக்குப் பரீட்சையில யாரோட மூச்சு காயத்துல படுதோ, அவங்களுக்குச் சான்றிதழ் கிடையாது" என்று அறிவித்தேன்.

ஸ்டெல்லாவின் முகம் வாடிவிட்டது. அவருக்கு அந்தச் சான்றிதழ் பொழுதுபோக்குக்கு இல்லை. அடுத்த வாரம் அவருடைய மாணவிகள் ஏலகிரிக்கு முகாம் போகிறார்கள். பெரும்பாலும் நகரத்தைத் தாண்டாத பிள்ளைகள். முதலுதவி தேறிய ஆசிரியை ஒருவர் கூடப் போனால்தான் அனுமதி என்று பள்ளியை நடத்தும் கன்னியாஸ்திரி, தலைமைச் சகோதரி, சொல்லிவிட்டார். ஸ்டெல்லாவை விட்டால் ஆளில்லை. "பிள்ளைங்க இப்பவே பை எடுத்து வச்சாச்சு மேடம்" என்றார்.

மத்தியானம் முழுக்க எல்லோருமாகச் சேர்ந்து அவரைத் திருத்த முயன்றோம். வாயில் துப்பட்டாவைக் கட்டிப் பார்த்தார். துப்பட்டா படபடவென்று அடித்தது. மூச்சைப் பிடித்துப் பார்த்தார். முகம் சிவந்து, கடைசியில் மூக்கால் ஊதினார். வங்கி அதிகாரி ஒரு யோசனை சொன்னார்: வாய் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டால் எப்படி ஊத முடியும்? நல்ல யோசனைதான். ஆனால் கன்னங்கள் உப்பிய ஸ்டெல்லாவைப் பார்த்து நோயாளி சிரிக்க, நோயாளி சிரிப்பதைப் பார்த்து ஸ்டெல்லாவும் சிரித்துவிட்டார். காயம், நோயாளி, நான், எல்லோரும் நனைந்தோம்.

சாயங்காலம் அவர் முகாமுக்குத் தொப்பி வாங்கத் தியாகராய நகர் போவதாகச் சொன்னார். நானும் ஒட்டிக்கொண்டேன். ரங்கநாதன் தெருவைப் பற்றி நான் என்ன எழுதினாலும் ஈப்போவில் நம்ப மாட்டார்கள். அங்கே நடக்க வேண்டியதில்லை, நின்றால் போதும், கூட்டமே கொண்டுபோய்விடும். சோளக்கதிர் வாங்க நான் ஒரு கணம் திரும்பியதில் ஸ்டெல்லாவைத் தொலைத்துவிட்டேன். பாத்திரக் கடையும் புடவைக் கடையும் மாறி மாறி வந்தன. உண்மையாகவே பயந்துபோனேன். புலி நடமாட்டம் உள்ள காட்டில்கூட எனக்குத் திசை தவறியதில்லை. அப்போது அத்தனை இரைச்சலையும் கிழித்துக்கொண்டு ஒரு விசில் சத்தம் கேட்டது. தெருவே ஒரு நொடி நின்றது. தலைகளுக்கு மேலே தொப்பிகளின் மூட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டெல்லா நின்றிருந்தார்.

"என் பிள்ளைங்ககூட இப்படித் தொலையாது மேடம்" என்றார். சோளக்கதிரில் பாதியைக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். விதியைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவே இல்லை. அதனால்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஞாயிறு காலை. தேவாலயத்தில் முதல் பூசையை முடித்துவிட்டு ஸ்டெல்லா மயிலாப்பூருக்கு வந்துவிட்டார், குமாரின் ஆட்டோவில் சேர்ந்து போகலாம் என்று. தோளில் முதலுதவிப் பை. மாட வீதி முனையில் குமார் வண்டியோடு நின்றிருந்தார். அவரை நோக்கி நடந்தோம். வழியில் ஒரு கடையில் எண்ணெயிலிருந்து மெதுவடைகளை அரித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரசன்னாவின் அம்மா செய்த பொங்கலில் ஏற்கெனவே பசியாறியிருந்தேன் என்றாலும், அந்தப் பொன்னிறத்தைப் பார்க்காமல் நடப்பது மரியாதையாகாது. பார்த்துக்கொண்டே நடந்தேன். கீழே, யாரோ வீடு கட்டக் கொட்டிய சல்லிக் குவியல் என் வழியில் இருந்தது.

காடு மேடெல்லாம் கால் வழுக்காதவள், வடையைப் பார்த்து விழுந்தேன். முழங்கால் சல்லியில் நன்றாகத் தேய்ந்தது. கால்சட்டை கிழிந்து, தோல் வழண்டு, ரத்தத்தில் மண்ணும் கல்லும் ஒட்டிக்கொண்டு, நான் மாவில் செய்யும் காயத்தைப் போலவே அச்சு அசலாக இருந்தது.

எங்கள் ஊரில் விழுந்தால் இரண்டு பேர் தள்ளி நின்று ஆம்புலன்சுக்குப் போன் செய்வார்கள். இங்கே நான் தரையைத் தொடுவதற்குள் பாதித் தெரு வந்துவிட்டது. பூ விற்கும் அம்மாள் மஞ்சள் தூளோடு வந்தார். ஒருவர் சோடா ஊற்றலாம் என்றார். காப்பிப் பொடி அரைக்கும் கடைக்காரர் கை நிறையப் பொடியோடு ஓடி வந்தார். "இப்பதான் அரைச்சது மேடம், அப்புனா ரத்தம் சட்டுனு நின்னுடும்" என்று என் முழங்காலுக்கு மேல் கையைக் கொண்டுவந்துவிட்டார். வாசனையோ ஆளைத் தூக்கியது. அதைக் காலில் போடாமல் டபராவில் போட்டுக் கொடுத்தால் என்ன என்று வலியிலும் தோன்றியது. குமார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "அன்னிக்கே சொன்னேன்ல மேடம்?" என்றார். சொல்லியிருந்தார்தான்.

அப்போது விசில் ஒலித்தது. காப்பிக் கடைக்காரர் கை அந்தரத்தில் நின்றது.

"எல்லாரும் ரெண்டு அடி பின்னாடி போங்க. அண்ணே, காப்பிப் பொடி வேணாம். சீல் உடைக்காத தண்ணி பாட்டில் ரெண்டு வேணும். கை கழுவ ஒரு குடம் தண்ணி, சோப்பு." மாவைக் கொஞ்சிய ஸ்டெல்லா இல்லை இது. மைதானத்தில் நிற்கும் ஸ்டெல்லா. கூட்டம் மணி அடித்ததைக் கேட்ட மாணவிகளைப்போல வரிசையாகப் பின்வாங்கியது.

என்னை வடைக் கடை பெஞ்சில் உட்கார வைத்தார். கையைக் கழுவினார். உறை மாட்டினார். வளையலில் இருந்த ஊக்கைக் கழற்றிச் சோப்பால் கழுவி, பாட்டில் மூடியில் துளை போட்டார். எல்லாம் நான் சொன்னபடியே. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "மேடம், இதையே பரீட்சையா வச்சுக்கலாமா?"

"வச்சுக்கலாம்" என்றேன். தலையாட்டிவிட்டு விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டார். அது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

தண்ணீர் பட்டதும் விளங்கியது. நோயாளிகளிடம், "மெதுவா மூச்ச இழுங்க, வேற எதையாவது நெனச்சுக்குங்க" என்று பாடம் நடத்தும் நான், "ஐயோ அம்மா!" என்று கத்திய கத்தலில் வடை போடுகிறவரின் கரண்டி கீழே விழுந்தது. நான் கத்தியதும் ஸ்டெல்லாவின் உதடு தானாகக் குவிந்தது. சட்டென்று முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஊத வேண்டிய ஊதலை விசிலுக்குள் ஊதினார். பீ! எதிரே வந்த ஸ்கூட்டர்காரர் போலீஸ் என்று நினைத்து பிரேக் போட்டார். ஸ்டெல்லா திரும்பி வந்து மறுபடி பீய்ச்சினார். நான் கத்தினேன். பீ! ஒரு பால் வண்டி நின்றது. இடுக்கியால் ஒவ்வொரு கல்லாக எடுக்க எடுக்க, பீ, பீ என்று மாட வீதியே நின்று நின்று போனது. "இன்னாபா, யார்னா விஐபி வர்றாங்களா?" என்று ஒருவர் குமாரிடம் கேட்பது காதில் விழுந்தது. "ஆமா, மலேசியாலேந்து வந்து பெஞ்சுல குந்திக்கினு கீறாங்கோ" என்றார் குமார்.

முதல் பாட்டில் காலி. ஒரு சொட்டையும் ஸ்டெல்லா மிச்சம் பிடிக்கவில்லை. சுற்றியுள்ள தோலைச் சோப்பால் துடைத்தார். ஒரு பொடிக்கல் மட்டும் ஆழத்தில் இருந்தது. அவர் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. அந்தக் கல்லையும் எடுத்து, இரண்டாவது பாட்டில் காலியாகும்வரை மறுபடி பீய்ச்சினார். கடைசியாக ஒரு நீண்ட பீ. இந்த முறை ஸ்கூட்டரோ ஆட்டோவோ நிற்கவில்லை, தெரு பழகிவிட்டிருந்தது. சுத்தமான துணியை வைத்து, ஒழுங்காகக் கட்டுப் போட்டு, முடிச்சை ஓரத்தில் செருகினார். என் மாணவர்களில் யாரும் இதைவிட நன்றாகச் செய்ததில்லை. மூச்சு ஒரு துளிகூடப் படவில்லை.

முழங்கால் தீயாக எரிந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்குக் கழுவியிருக்கிறேன். அவர்கள் ஏன் அப்படி என் முகத்தைப் பார்ப்பார்கள், எதற்காகக் காத்திருப்பார்கள் என்று யோசித்ததே இல்லை. என் அம்மா போன பிறகு என் காயத்தை நானே கழுவிக்கொண்டுதான் பழக்கம். ஐம்பது வயதில், முன்பின் தெரியாத ஊரில், ஒரு வடைக் கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுதேன்.

ஸ்டெல்லா என் கண்ணீரைப் பார்த்தார். விசில் வாயிலிருந்து விழுந்தது. குனிந்தார், உதட்டைக் குவித்தார், கட்டின் மேல் நீளமாக ஒரு ஊது ஊதினார்.

"ஒண்ணும் இல்லடா, போயிடுச்சு" என்றார். அடுத்த நொடியே வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயையோ மேடம். ஃபெயிலா?"

கூட்டம் என்னைப் பார்த்தது. ஏலகிரிக்குப் பை கட்டி வைத்திருக்கும் பிள்ளைகள் அங்கே இல்லை, ஆனால் அவர்களும் பார்ப்பதுபோல இருந்தது. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

"காயம் மூடியாச்சு. கட்டுக்கு மேல மூச்சு பட்டா பட்டுட்டுப் போகுது. நீங்க பாஸ் டீச்சர்."

பூக்கார அம்மாள் கைதட்டினார். வடைக் கடைக்காரர் ஓர் இலையில் இரண்டு வடை வைத்து நீட்டினார். காப்பிக் கடைக்காரர் அந்தப் பொடியையே டிகாக்‌ஷன் போட்டு எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு ஓடினார். குமார் வண்டியைக் கிளப்பி, "போலாமா மேடம்? காட்டுல ஆளுங்க வெயிட் பண்ணிக்கினு இருப்பாங்கோ" என்றார்.

"கொஞ்சம் இருங்க" என்றேன். காலை ஸ்டெல்லாவின் பக்கம் நீட்டினேன்.

"இன்னும் எரியுது டீச்சர். இன்னொரு தடவை ஊதுங்க."